‘உள்நாட்டு’ விமானத்தில் ஓர் உல்லாசத் தீவுக்கு

பிரயாண இலக்கியம் என்ற பெயரில் அண்மைக் காலத்தில் ஒரு புதுவகை எழுத்துப் பெருகி வருகின்றது. முன்னைய பிரயாண நூலாசிரியன் தான் சென்ற நாட்டைப் பற்றி எழுதினான். அந்நாட்டு மக்கள் எதை உண்டனர், எவ்வாறு உழைத்தனர், யாரால் ஆளப்பட்டனர் என்பனவற்றைத் தன் அறிவுக்கும் மனச்சாய்வுக்கும் ஏற்பக் கூறினான். இன்றைய பிரயாணியோ தான் அமர்ந்து சென்ற ஆசனத்தைப் பற்றி எழுதுகின்றான். ஆசனம் எத்தனை அங்குல அகலம், அது முற்றாகச் சாய்ந்து படுக்கையாகின்றதா, மதுக் கிண்ணம் விமானம் தரையை விட்டெழுமுன் வந்ததா பின்னர் வந்ததா என்பவையே இவ்விலக்கியத்தின் கருப்பொருள்கள். தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தார். இவர்களது நெய்தலுக்குச் சாய்தலும் சாய்தல் நிமித்தமுமே உரிப்பொருள். நாடு வருமுன்னரே கட்டுரை முடிந்துவிடுகின்றது.

இத்தகைய எழுத்தாளர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பிரயாணங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு முதலாம் வகுப்பிற் செல்வது. நியூயோர்க்கிலிருந்து ஹொனலூலு ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து லண்டனுக்குள்ள தூரத்திற் சிறிதே குறைவு. முழுக் கண்டத்தையும் கடந்து, பின்னர் பசிபிக் சமுத்திரத்தின் பெரும் பரப்பையும் கடந்து, பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். எனினும் விமானக் கொம்பனிகளின் அட்டவணையில் இஃது ‘உள்நாட்டுச் சேவை’. கடவுச்சீட்டு வேண்டியதில்லை, சுங்க அதிகாரியின் கேள்வி இல்லை.

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் ‘முதலாம் வகுப்பு’ என்பது பெரும்பாலும் சற்று அகன்ற ஒரு நாற்காலியேயன்றி வேறில்லை. நெடுந்தூர ஹவாய்ச் சேவையிலோ பெரிய விமானங்கள் பறப்பதால் உண்மையான படுக்கை கிடைக்கின்றது. மேற்குக் கரையிலிருந்து செல்லும் சிறிய விமானங்களில் அது பெரும்பாலும் இல்லை. முதலாம் வகுப்புக்குப் பணம் கொடுத்தும் கால் நீட்டிப் படுக்க முடியவில்லையே என்று அங்கலாய்க்கும் பக்கங்களை நாம் வாசித்திருக்கின்றோம். ஒரு தீவின் வரலாற்றில் இதனினும் பெரிய அநீதி நிகழ்ந்திருக்க முடியாது என்று எண்ணத் தோன்றும், அத்துணை உருக்கம்!

ஓர் ஆசனத்தின் சுகத்தை வெறுப்பது எமது நோக்கமன்று. களைத்த உடம்புக்குப் படுக்கை நல்லது. அந்தப் படுக்கைக்கு யார் பணம் கொடுக்கின்றனர், அது செல்லும் இடம் எவ்வாறு ‘உள்நாடு’ ஆயிற்று என்ற இரண்டு கேள்விகளையே நாம் கேட்க விரும்புகின்றோம்.

முதற் கேள்விக்கு, ‘பிரயாணியே தன் பணத்தைக் கொடுக்கின்றான், உமக்கு என்ன?’ என்பது வழக்கமான பதில். அது முழு உண்மையன்று. முன்வரிசையில் இருப்போரிற் பலர் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. ‘மைல்’ கொடுத்து வாங்குகின்றனர். அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981இல் தன் வாடிக்கையாளருக்குப் பறந்த தூரத்தைக் கணக்கிட்டு வெகுமதி வழங்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஏனைய கொம்பனிகளும் பின்தொடர்ந்தன. இன்று மைல் சேர்ப்பதற்குப் பறக்கவே வேண்டியதில்லை. விமானக் கொம்பனி மைல்களை வங்கிக்கு விற்கின்றது. வங்கி அவற்றைக் கடனட்டை வைத்திருப்போருக்கு அவர்கள் செலவிடும் தொகைக்கேற்ப அளிக்கின்றது. இதற்கான செலவின் பெரும் பகுதியை வங்கி கடைக்காரனிடம் கட்டணமாக அறவிடுகின்றது. கடைக்காரன் அதைப் பொருளின் விலையில் ஏற்றுகின்றான். அந்த விலையைக் கடனட்டைக்காரனும் கொடுக்கின்றான், கையிற் காசு கொண்டு வரும் ஏழையும் கொடுக்கின்றான். வெகுமதி மட்டும் ஒருவனுக்கே.

இது நமது கற்பனையன்று. பொஸ்டன் நகர மத்திய ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, காசு கொடுத்து வாங்கும் ஒரு குடும்பம் ஆண்டுதோறும் சராசரி 149 டொலரைக் கடனட்டைக் குடும்பங்களுக்குக் கொடுத்து வருகின்றது என்றும், கடனட்டைக் குடும்பமொன்று சராசரி 1,133 டொலரைப் பெறுகின்றது என்றும் கணித்தது. கூறியவர்கள் பொதுவுடைமைவாதிகள் அல்லர். வங்கியின் சம்பளத்தில் இருந்தவர்கள். ஆகவே முதலாம் வகுப்புப் பிரயாணி ‘இலவசமாக’ வந்தேன் என்று பெருமை பேசும்போது, அவன் விரித்துப் படுத்திருக்கும் போர்வையின் ஒரு முழத்தை எங்கோ ஒரு நகரத்தில் பாணும் பாலும் சில்லறைக் காசுக்கு வாங்கிய ஒருத்தி நெய்து கொடுத்திருக்கின்றாள் என்பதை மறந்துவிடலாகாது.

இனி இரண்டாவது கேள்வி. ‘உள்நாடு’ என்ற சொல் அட்டவணையில் எவ்வளவு அடக்கமாக அமர்ந்திருக்கின்றது! அதன் பின்னால் இருப்பது ஒரு களவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹவாய் ஓர் அரசு. அதற்கு அரசர் இருந்தனர், அரசியலமைப்பு இருந்தது, பிற தேசங்களுடன் உடன்படிக்கைகள் இருந்தன. 1778இல் குக் வந்திறங்கிய பின்னர் வெளியிலிருந்து வந்த நோய்கள் அம்மக்களைக் கூட்டங்கூட்டமாக அழித்தன. எஞ்சியோரின் நிலம் அடுத்துப் போயிற்று. 1848இல் நிகழ்ந்த நிலப் பங்கீடும், அதையடுத்து 1850இல் வந்த சட்டங்களும் நிலத்தைத் தனியுடைமையாக்கின. அதில் சாதாரண குடிமக்களுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவு. அயல்நாட்டார் நிலம் வாங்கலாம் என்றாயிற்று. கரும்பு வந்தது. 1875ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஹவாய்ச் சீனி தீர்வையின்றி அமெரிக்கச் சந்தையிற் புகுந்தது. சீனி முதலாளிகள் கொழுத்தனர். கொழுத்தவர்கள் 1887இல் அரசரைத் துப்பாக்கி முனையிற் பணிய வைத்து, தங்களுக்கு வேண்டிய அரசியலமைப்பிற் கையொப்பமிடச் செய்தனர்.

இராணி லிலியுவோகலானி அதை மாற்ற முனைந்தார். 1893 ஜனவரியில் அமெரிக்கத் தூதுவரின் ஆதரவுடன் ‘பொஸ்டன்’ என்னும் போர்க்கப்பலிலிருந்து நூற்றறுபதுக்கு மேற்பட்ட படையினர் ஹொனலூலுவிற் கரையிறங்கினர். பெரும்பாலும் அயல்நாட்டு வணிகரும் தோட்ட நலன் சார்ந்தோருமாக அமைந்த ஒரு சிறு குழு ஆட்சியைக் கைப்பற்றியது. 1897இல், நாட்டை அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்து 21,000க்கு மேற்பட்ட சுதேசிகள் மனுவிற் கையொப்பமிட்டனர். அன்றைய பூர்வீக மக்களின் தொகையே ஏறத்தாழ 40,000. ஓர் இனத்தின் பாதிப்பேர் எழுதிக் கொடுத்த மறுப்பு அது. 1898இல் ஸ்பானிய யுத்தத்தின் ஆரவாரத்துக்கிடையே, உடன்படிக்கை எதுவுமின்றி, அமெரிக்கக் காங்கிரசின் தீர்மானமொன்றினால் தீவுகள் இணைக்கப்பட்டன. நூறு ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே காங்கிரஸ் 1893ஆம் ஆண்டுச் செயலுக்கு மன்னிப்புக் கோரும் சட்டமொன்றை நிறைவேற்றியது. களவு போனது களவே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். பொருள் திரும்பி வரவில்லை.

‘1959இல் அம்மக்கள் தாமே வாக்களித்து மாநிலமாகவில்லையா?’ என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். வாக்களித்தார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வீதத்தினர் ஆம் என்றார்கள். வாக்குச்சீட்டில் இருந்தது என்ன? மாநிலமாவது, அல்லது இருந்தபடியே ஆட்புலமாக வாக்குரிமை குறைந்து கிடப்பது. சுதந்திரம் என்ற சொல் அச்சீட்டில் இல்லை. பூர்வீக மக்கள் அதற்குள் தம் நாட்டிலேயே சிறுபான்மையினராகிவிட்டிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1959இல்தான் ஜெட் விமானம் ஹொனலூலுவுக்கு வரத் தொடங்கியது. அவ்வாண்டு வந்த உல்லாசப் பிரயாணிகள் 2 லட்சத்து 43 ஆயிரம் பேர். 2019இல் வந்தோர் ஒரு கோடியைத் தாண்டினர். தீவுகளின் சனத்தொகையோ 14 லட்சமளவே.

விசித்திரமான ஒன்றையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். ஹவாயிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்குத் திரும்பும் பிரயாணியின் பெட்டியை விவசாயத் திணைக்கள அதிகாரிகள் சோதிக்கின்றனர். பூச்சியும் நோயும் பரவாதிருக்க வேண்டுமென்று அங்குள்ள மாம்பழத்தைக் கொண்டு செல்ல விடுவதில்லை. ஆக, ஹவாயின் மண் உள்நாடு. அம்மண்ணில் விளைந்த மாம்பழம் அந்நியம்.

முதலாம் வகுப்பு என்பது இத்தீவுகளுக்கு விமானத்துடன் வந்ததன்று. சீனியை ஆண்ட ஐந்து பெருங் கொம்பனிகளே கப்பலையும் ஆண்டன. அவற்றின் பிடியிலிருந்த மட்சன் கப்பற் கொம்பனி 1927இல் ‘மலோலோ’ என்னும் உல்லாசக் கப்பலை ஓடவிட்டது. கலிபோர்ணியச் செல்வர் அதில் முதலாம் வகுப்பில் வந்தனர். வந்தவர் தங்குவதற்கு அதே ஆண்டு அதே கொம்பனி வைக்கீக்கிக் கரையில் ‘றோயல் ஹவாயன்’ ஹோட்டலைத் திறந்தது. தோட்டமும் அவர்களுடையது, கப்பலும் அவர்களுடையது, கட்டிலும் அவர்களுடையது. இன்று விமானப் பணிப்பெண் முன்வரிசைக்குக் கொண்டு வரும் அன்னாசிச் சாற்றுக்குக்கூட வம்சாவளி உண்டு. 1893இல் இராணியை நீக்கிய பின்னர் குடியரசுத் தலைவராக அமர்ந்தவர் சான்ஃபோர்ட் டோல். 1901இல் அன்னாசிக் கொம்பனியைத் தொடங்கிய ஜேம்ஸ் டோல் அவருடைய உறவினர்.

மற்றக் கப்பல்களும் இருந்தன. 1852இல் சீனத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். 1885இல் ‘சிற்றி ஒஃப் டோக்கியோ’ என்ற கப்பல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட யப்பானியரை இறக்கியது. 1906 முதல் பிலிப்பைன்ஸ் மக்கள் வந்தனர். 1850ஆம் ஆண்டின் எசமானர் ஊழியர் சட்டத்தின்படி ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டகல்வது தண்டனைக்குரிய குற்றம். 1900 வரை அச்சட்டமே ஆண்டது. தோட்டத் தொழிலாளியின் கழுத்தில் இலக்கம் பொறித்த ஓர் உலோகத் தகடு தொங்கியது. அதற்கு ‘பாங்கோ’ என்று பெயர். தோட்டத்துரை அவனை அந்த இலக்கத்தாலேயே அழைத்தான்.

நம் வாசகருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நமது மலையகத்துத் தோட்டங்களில் ‘துண்டு’ என்ற சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அதைத் தீர்க்காமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. 1921இற்றான் அது ஒழிந்தது. பாங்கோவும் துண்டும் ஒரே நூற்றாண்டின் ஒரே மூலதனம் பெற்ற பிள்ளைகள். இன்று நமது மலையகத்திலும் பழைய துரைமார் பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகியுள்ளன. ஓரிரவுக்கு அங்கு அறவிடும் தொகையையும் கீழே லயத்திலிருக்கும் குடும்பத்தின் மாத வருவாயையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஆசிரியர்கள் தம் மாணவரிடம் கணக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

ஹவாய்த் தொழிலாளர் தலை குனிந்தே இருந்துவிடவில்லை. 1920இல் யப்பானியரும் பிலிப்பைன்ஸ் மக்களும் சேர்ந்து வேலைநிறுத்தஞ் செய்தனர். 1924இல் கவாய்த் தீவின் ஹனப்பேப்பே என்னுமிடத்தில் வேலைநிறுத்தக்காரர் பதினாறு பேரும் பொலிசார் நால்வரும் மாண்டனர். ஒவ்வோர் இனத்தையும் மற்றோர் இனத்துக்கு எதிராகத் திருப்பி அடக்கிய தந்திரம் 1946இல் முறிந்தது. அவ்வாண்டு எல்லா இனங்களையும் சேர்ந்த ஏறத்தாழ 26,000 சீனித் தொழிலாளர் ஒரே தொழிற்சங்கத்தின் கீழ் 79 நாட்கள் நின்று வென்றனர். கூலி உயர்ந்தது. அதன் பின்னர் முதலாளிகள் சீனியை மலிந்த கூலிச் சீமைகளுக்குக் கொண்டு போயினர். கடைசிக் கரும்புத் தோட்டம் மௌவித் தீவில் 2016இல் மூடப்பட்டது. வேலைக்கு மிஞ்சியவை பெரும்பாலும் படைத்தளமும் ஹோட்டலுமே.

இங்கேதான் உல்லாசப் பிரயாணத்தின் வழக்கறிஞர்கள் எழுந்து நிற்கின்றனர். ‘நாங்கள் போகாவிட்டால் அவர்கள் எதை உண்பார்கள்?’ இக்கேள்வியில் உள்ள கருணையை நாம் அறிவோம். நமது தேயிலைத் துரைமாரும் இதையே கேட்டனர். நிலத்தையும் நீரையும் பறித்து, வேறு தொழில் எதுவும் தழைக்காதபடி செய்துவிட்டு, எஞ்சிய ஒரே வாயிலில் நின்று ‘நானன்றோ சோறு போடுகின்றேன்’ என்பது சுரண்டுவோன் எங்கும் பாடும் பாட்டு. பிரயாணிகளின் பணம் அங்கே செல்கின்றது என்பது மெய். அது யார் கையில் தங்குகின்றது? 2018இல் ஹொனலூலுவில் ஹோட்டல் தொழிலாளர் 51 நாட்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஒருவருக்கு ஒரே வேலை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் முழக்கம். பகலில் ஒரு ஹோட்டலிற் படுக்கை விரித்தவள் இரவில் இன்னோரிடத்தில் வேலை பார்த்தாலன்றி வாடகை கட்ட முடியாது. உலகின் மிகச் செழித்த சுற்றுலாத் தொழில் அவளுக்கு அளித்த வாழ்வு அது.

வாடகையைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். வந்து பார்த்தவர் சிலருக்கு அங்கே வீடொன்று வாங்கிவிட ஆசை. வாங்க வல்லவர் வாங்குகின்றனர். விலை ஏறுகின்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, பாதிக்குக் குறையாத பூர்வீக இரத்தம் உடையோருக்கு ஆண்டுக்கு ஒரு டொலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கின்றது. காத்திருப்போர் பட்டியல் அண்மை ஆண்டுகளில் 28,000 பேரையும் தாண்டியது. பட்டியலில் இருந்தபடியே இறந்தவர்கள் பலர். காத்திருக்க இயலாதவர்கள் கடல் கடந்தனர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஹவாய்ப் பூர்வீக மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கின்றனர். அவர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பாலைவன நகரமான லாஸ் வேகசுக்குத் தீவு மக்கள் ‘ஒன்பதாம் தீவு’ என்று பெயர் சூட்டியுள்ளனர். ஹவாயின் பெருந் தீவுகள் எட்டு. ஒன்பதாவதைச் சுற்றி மணல் மட்டுமே உண்டு. எழுத்தாளர் பாராட்டும் அதே ‘உள்நாட்டு’ விமானங்களே திரும்புகையில் இவர்களையும் சுமந்து செல்கின்றன, திரைக்குப் பின்னால், நெருங்கிய வரிசைகளில்.

2023 ஆகஸ்ட் 8ஆந் திகதி மௌவித் தீவின் லஹைனா நகரம் எரிந்தது. ஒரு காலத்தில் ஹவாய் அரசின் தலைநகராயிருந்த ஊர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிய அந்நியப் புல் தீக்கு இரையாயிற்று. கரும்புக்காக ஓடைகள் திருப்பப்பட்ட அந்தத் தீவில் நீரும் பழைய தோட்டத்தின் சண்டைப் பொருளே. வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் கடற்கரை ஹோட்டல்களிலே தங்கவைக்கப்பட்டிருந்தனர். சரியாக இரண்டு மாதத்தில், அக்டோபர் 8ஆந் திகதி, மேற்கு மௌவியை உல்லாசப் பிரயாணிகளுக்கு மீண்டும் திறக்க அரசு தொடங்கியது. இன்னும் துக்கம் ஆறவில்லை, சற்றுப் பொறுங்கள் என்று ஊரவர் மனுக் கொடுத்தனர். மறுபடியும் ஒரு மனு. மறுபடியும் அதே பதில். பொருளாதாரம் காத்திருக்காது என்றார்கள். தன் வீட்டின் சாம்பலைக் கிளறிவிட்டு வந்த பெண், அன்று மாலை அந்நியனுக்குப் புன்னகையோடு மாலை சூட்ட வேண்டியிருந்தால் அதற்கு என்ன பெயர் இடுவது என்று முதலாம் வகுப்பு இலக்கியம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அப்படியானால் எவரும் கடல் காணப் போகலாகாது என்கின்றோமா? இல்லை. உழைப்பவனுக்கு ஓய்வும் கடற்காற்றும் வேண்டும். அவ்வுரிமைக்காக நூறாண்டு போராடியது தொழிலாளர் இயக்கமேயன்றி விமானக் கொம்பனி அன்று. எமக்குப் பொறாமை என்பாரும் உளர். பொறாமை கொள்பவன் தனக்கும் ஒரு படுக்கை கேட்பான். அந்தப் படுக்கையை விரிப்பவளுக்கு அவள் பிறந்த மண்ணில் ஒரு வீடு கேட்கின்றோம் நாம். நமது கண்டனம் ஒரு தீவுக்குச் சென்று திரும்பி வந்து, அங்கே மனிதர் இருந்ததாகவே ஒரு வரியும் எழுதாத பேனாக்களின் மீது. ஆசனத்தின் அகலத்தை அங்குலக் கணக்கில் அளந்தவருக்கு 21,000 கையொப்பங்கள் கண்ணிற் படவில்லை. நமது பல்கலைக்கழக மாணவர் சிலரும் இவ்வெழுத்தைத் தமிழிற் பின்பற்றத் தொடங்கியிருக்கின்றனர் என்பதாற்றான் இதனை இவ்வளவு நீட்டி எழுத நேர்ந்தது.

2024இல் ஹொனலூலுவில் மீண்டும் வேலைநிறுத்தம். அங்குள்ள மிகப் பெரிய ஹோட்டல் ஒன்றில் ஏறத்தாழ 1,800 பேர் 40 நாட்கள் வாயிலில் நின்றனர். அந்த நாற்பது நாட்களும் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிரயாணிகள் தங்கள் பெட்டிகளை உருட்டியபடி, முரசும் முழக்கமும் எழுந்த அந்த வரிசைகளைக் கடந்து உள்ளே சென்றனர்.